நெஞ்சுக்குள் நிக்கல்

மகளின் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைக்கப் போகும் கருவியின் படத்தை டாக்டரம்மா காட்டியபோது, முலாம் பட்டறைக்காரருக்கு அது கம்பியில் பின்னிய சின்னக் குடை போலத் தெரிந்தது. தொடை ரத்தக்குழாய் வழியாக அனுப்பி, ஓட்டையில் விரித்துவிட்டால் தீர்ந்தது. நெஞ்சில் கத்தியே படாது. கேட்கக் கேட்க அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"என்ன கம்பி டாக்டர் இது?" என்றார், தொழில் புத்தியில்.

"நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. சுருட்டி அனுப்பினாலும் உள்ள போய்ப் பழைய வடிவத்துக்கே வந்துடும்."

இருபத்திரண்டு வருஷமாகப் பச்சை நிற நிக்கல் தொட்டியில் குழாய்களையும் பெல்ட் கொக்கிகளையும் முக்கி எடுக்கிறவர் அவர். அந்த உலோகம் லேசில் துருப்பிடிக்காது, பளபளப்பு போகாது. ஆனால் சிலர் தோலுக்கு மட்டும் ஆகவே ஆகாது. கைச் சொறி தாங்காமல் இரண்டு பேர் பட்டறையை விட்டே ஓடியிருந்தார்கள். அந்த ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் ஆயுசுக்கும் விடாது.

படிவத்தில் 'உலோக ஒவ்வாமை உண்டா?' என்ற இடத்தில் மனைவி 'இல்லை' என்று எழுதியிருந்தாள். அவரும் கையெழுத்துப் போட்டார்.

சிகிச்சை நாள் காலையில், மகள் கழற்றிப் போட்ட ஜீன்ஸை மடித்தபோது பொத்தானின் பின்பக்கம் விரலில் வழவழவென்று பட்டது.

"என்னம்மா இது?"

"நெயில் பாலிஷ்ப்பா. அம்மா பூசிவிடுவாங்க. இல்லன்னா தொப்புள் பக்கம் கொப்புளம் வந்து தண்ணியா வடியும். ரொம்ப வருஷமாவே அப்படித்தான்."

அவர் வெளியே ஓடி மனைவியைப் பிடித்தார். "ஏன் சொல்லல?"

"பொத்தான் கடிக்கிறதெல்லாம் ஒரு நோயாங்க? பூசினேன், போச்சு. அதுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?"

"பொத்தானும் அதே நிக்கல்தான்டி! பொத்தானைக் கழட்டிடலாம். நெஞ்சுக்குள்ள வெச்சதை எப்படிக் கழட்டுவே?"

அதற்குள் மகளை அழைத்துப் போக ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அவர் குறுக்கே நின்றுகொண்டார். நர்ஸ் திட்டினாள், அசையவில்லை. கடைசியில் டாக்டரம்மாவே வந்தார்.

"நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஒவ்வாமை கடுமையா இருந்தா சிலருக்கு நெஞ்சுவலி, தலைவலின்னு வருது. சோதிச்சுட்டே முடிவெடுப்போம்" என்றார்.

மகளின் முதுகில் நிக்கல் முதலான உலோக உப்புகள் தடவிய சின்னச் சின்ன ஒட்டுகளை ஒட்டினார்கள். இரண்டாம் நாள் எடுத்துப் பார்த்து, நாலாம் நாள் மறுபடி பார்ப்பார்கள். அந்த நாலு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கைக்கெட்டியதை நானே தட்டிவிட்டேனோ? இந்நேரம் எல்லாம் முடிந்து பிள்ளை வீட்டில் இருந்திருப்பாளோ? மனைவி அவரோடு பேசவே இல்லை.

நாலாம் நாள், நிக்கல் ஒட்டிய இடம் மட்டும் சிவந்து, தடித்து, கொப்புளமாக நின்றது.

"இவ்வளவு கடுமையா இருக்கிறப்ப எனக்குத் துணிச்சல் இல்லை" என்றார் டாக்டரம்மா. "நெஞ்சைத் திறந்து, இதயத்தைச் சுத்தி இருக்கிற அவளோட சவ்வையே வெட்டி ஒட்டுப் போட்டுடலாம்."

மகள் கேட்டாள்: "தழும்பு எவ்ளோ நீளம் இருக்கும்?"

டாக்டரம்மா விரித்துக் காட்டிய விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, தைச்சுடுங்க."

அப்பாவுக்கு இன்னொரு பயம். "திறந்த எலும்பை எதால கட்டுவீங்க? எவர்சில்வர் கம்பின்னா அதுலயும் நிக்கல் இருக்கே."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "நல்லவேளை கேட்டீங்க. சுத்த டைட்டானியம் போட்டுக்கலாம்."

ஐந்து மணி நேரம். அறுவை அரங்கின் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். யார் யாரோ வந்தார்கள், யாருக்கோ சேதி சொன்னார்கள். கடைசியில் டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கியபடி வந்து, "ஒட்டு கச்சிதமா உட்கார்ந்துடுச்சு" என்றார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "தண்ணியாவது குடிங்க" என்றாள். நாட்கணக்கில் பேசாதவள்.

மறுநாள் மகள் கண் விழித்ததும் சளி கட்டாமல் இருக்க நெஞ்சைத் தலையணையால் அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார்கள். வலி தாங்காமல் அழுதாள். பார்க்க முடியாமல் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா, உங்களாலதான்!" என்றாள், அழுகையோடு. கோபமா, கேலியா என்று அவருக்குப் புரியவில்லை.

"ஆமாம்மா, என்னாலதான்" என்றார். "இன்னும் ஒரே ஒரு தடவை இருமிடு."