எலமானுக்குப் போர்த்திய ஷாபான்

ரிஸ்தி என் வீட்டுக்கு மேல்மாடியில் இருப்பவள். ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராக முப்பத்தாறு வருடம் ஓட்டிவிட்டாள். நான் ஊர்க் கால்பந்துக் கிளப்பில் சலவைக்காரி. அவளுக்கும் எனக்கும், மைதானத்தில் ஓடுகிற எலமானுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் சம்பளம் வருகிறது: மாகாணக் கஜானா. ரிஸ்திக்கு மாதம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் டெங்கே. எலமானுக்கு ஒன்றரைக் கோடி. கிளப் இயக்குநர் ஒராஸ்பெக் தல்கத்தோவிச்சே இதைப் பெருமையாகத் தொலைக்காட்சியில் சொன்னார்.

மைதான ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்காமல் ஆட்டம் நடக்கக் கூடாது என்பது விதி. எங்கள் ஊரில் ஓடுகிற வண்டிகள் இரண்டு. அதில் ஒன்று சனிக்கிழமை தோறும் பந்துக்குக் காவல்.

அந்த ஏப்ரல் சனிக்கிழமை நானும் மைதான வாசலில் துண்டுக் கூடையோடு நின்றிருந்தேன். ஓட்டுநர் சத்தார் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். வண்டிக்குள் வயர்லெஸ் பேசியது.

"ரயில்வே குடியிருப்புல ஒரு பிள்ளைத்தாச்சி. ரத்தம் நிக்கல."

"இன்னொரு வண்டி எங்க?" என்றாள் ரிஸ்தி.

"தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு."

"நான் ஆட்டத்துல இருக்கேன்."

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்."

ரிஸ்தி இறங்கிக் கோட்டருகே நின்ற நடுவரிடம் போனாள். "நான் கிளம்பறேன்."

"ஆம்புலன்ஸ் இல்லாம ஆட்டம் நடக்கக் கூடாதும்மா."

"அப்ப நடத்தாதீங்க."

வண்டி போய்விட்டது. ஆட்டம் ஐம்பது நிமிடம் நின்றது. புல்வெளிக் காற்று எலும்பு வரை இறங்கியது. எலமான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டான்.

"ஷெஷே, இன்னொரு கம்பளி."

பெற்ற தாயைக் கூப்பிடுகிற சொல் அது. வாய் கூசாமல் சொல்வான்.

"அங்க ஒரு பொண்ணு சாகக் கிடக்காப்பா," என்றேன்.

"எனக்குத் தொடை இறுகிடுச்சு ஷெஷே."

ஆட்டம் மறுபடி தொடங்கியபோது எங்கள் ஆட்கள் கட்டையாக ஓடினார்கள். ஒரு கோலில் தோற்றார்கள்.

அங்கே தாய் பிழைத்தாள். பெண் குழந்தை. தண்டவாளம் பார்க்கிற வேலையிலிருக்கும் அப்பன்காரன் மறுநாள் ஒரு பை நிறைய உலர்தயிர் உருண்டையோடு மாடியேறி வந்தான். ரிஸ்தி தூங்கிக்கொண்டிருந்ததால் என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை ரிஸ்தி என் சமையலறைக்கு வந்தாள். பால் தேநீர் ஊற்றினேன். கிண்ணத்தைத் தொடவில்லை.

"என்னைக் கூப்பிட்டு விட்டாங்க அக்கா. தலைமை டாக்டரும் இருந்தாரு, ஒராஸ்பெக் தல்கத்தோவிச்சும் இருந்தாரு. ஐம்பது நிமிஷம் பெஞ்சுல காக்க வச்சு, நான் எலமானை ஊர் முன்னாடி அவமானப்படுத்திட்டேனாம். குதிரை, ஷாபான் அபராதம் கட்டணுமாம்."

எங்களில் ஒருவனை அவமதித்தவன் குதிரையும், ஷாபான் என்கிற நீண்ட அங்கியும் கொடுத்து, அங்கியைத் தன் கையாலேயே அவன் தோளில் போர்த்த வேண்டும். அவன் மன்னித்தேன் என்றால் வழக்கு முடிந்தது. கொலைப் பகையையே இப்படித் தீர்த்திருக்கிறார்கள். பந்து விளையாட்டுக்கு இதை இழுத்து நான் கேட்டதில்லை.

"குதிரைக்கு எங்கடி போவ?"

"குதிரை வேண்டாமாம். பொம்பளைன்னு பாத்துத் தள்ளுபடி."

"பெரிய மனசு."

"சனிக்கிழமை, மைதானத்து நடுவுல. இல்லேன்னா, நானா விரும்பி வேலைய விடறேன்னு எழுதிக் கொடுக்கணும். ஓய்வூதியத்துக்கு ஒன்றரை வருஷம் இருக்குக்கா."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்று சொன்னது வேறு.

"போர்த்திட்டு வந்துடு. துணிதானே."

"அபராதம் தப்பு பண்ணவன் கட்டறது. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒன்றரை வருஷம்டி. அதை மட்டும் நினை."

தேநீர் ஆறி மேலே ஏடு படிந்தது. கடைசியில் அதைக் குடித்தாள்.

வியாழக்கிழமை சந்தைக்குப் போனோம். ஷாபான் கடைக்காரி வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள்.

"சம்பந்தி வீட்டுக்கா? நீல வெல்வெட் எடுங்க, மதிப்பா இருக்கும்."

"அபராதத்துக்கு," என்றாள் ரிஸ்தி.

"அடடா. உங்க வீட்டுப் பையன் யாரையாவது அடிச்சுட்டானா?"

"நான்தான். ஒரு பிள்ளைத்தாச்சியைக் காப்பாத்தப் போனேன்."

கடைக்காரி என்னைப் பார்த்தாள். நான் பொத்தான் டப்பாவைப் பார்த்தேன்.

"ஆள் என்ன உயரம்?" என்று கேட்டாள் பிறகு, குரலைத் தாழ்த்தி.

நீலத்தில் தங்க இழை போட்டது. ரிஸ்தியின் அரைமாதச் சம்பளம்.

சனிக்கிழமை மூன்று கேமராக்கள் வந்திருந்தன. ஒராஸ்பெக் தல்கத்தோவிச் ஒலிபெருக்கியில் முன்னோர், மரபு, ஒற்றுமை என்று பேசினார். ரிஸ்தி ஆம்புலன்ஸ் சீருடையோடு நடுவட்டம் வரை தனியாக நடந்தாள். எலமான் சூயிங்கம் மென்றுகொண்டு நின்றான். அவன் நெட்டை, இவள் குட்டை. அறுபதை நெருங்குகிறவள் கால் நுனியில் எம்பினாள். அவன் குனியவில்லை. இரண்டாம் முறை எம்பித்தான் அங்கி தோளில் தங்கியது.

"மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு," என்றான் கேமராவைப் பார்த்து. பிறகு இவளுக்கு மட்டும் கேட்கும்படி: "சந்தைச் சரக்கா அத்தை? கழுத்துல குத்துது."

இதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பை மறுபடி கேட்க எனக்கு ஆசையில்லை.

ஆட்டம் முடிந்து வீரர்கள் போனதும் அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். வியர்வைக் காலுறை, வலிக் களிம்பு ஒட்டிய கட்டு, துப்பிய துண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் நீல வெல்வெட். உதறிப் பார்த்தேன். முதுகுப் பக்கம் முழுக்கச் சேறு, ஆணி வைத்த காலணியைத் துடைத்த கோடு கோடாக. காலரில் சூயிங்கம்.

இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் தட்டில் குதிரைக்கறி இருந்தது. மேசை ஓரத்தில் அங்கியை விரித்தேன்.

"இது என்ன ஷெஷே?"

"உங்க மரபு."

பார்த்தார். தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார், சேறு படாமலிருக்க.

"ஈரத் தரை, பையன் கவனிச்சிருக்க மாட்டான். வெல்வெட்டைத் துவைக்கலாம்ல?"

"துவைக்கலாம்."

"அப்ப துவைங்க. எதுக்கு இங்க கொண்டுவந்தீங்க?"

அந்த மனிதர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த கறித்துண்டை எடுத்தார்.

வீட்டுக்கு எடுத்துவந்தேன். ரிஸ்தியிடம் காட்டாமல் துவைத்து ஒளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மாடிப்படியில் எதிரே வந்துவிட்டாள்.

"கையில என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. கிளப் துணி."

"நீலமா இருக்கே."

வாங்கிப் பார்த்தாள். சேற்றுக் கோட்டை விரலால் தடவினாள்.

"நான்தான்டி உன்னைப் போகச் சொன்னேன்," என்றேன்.

"ஆமா," என்றாள். ஆறுதலுக்குக்கூட மறுக்கவில்லை. "துவைக்காதீங்க. இப்படியே இருக்கட்டும்."

"எதுக்கு?"

"திங்கக்கிழமை ஒரு தாள்ல கையெழுத்துப் போடணும். இனிமே ஆட்டம் முடியற வரைக்கும் என்ன அழைப்பு வந்தாலும் வண்டிய எடுக்க மாட்டேன்னு. அதையும் போட்டுடலாம்னுதான் இருந்தேன். ஒன்றரை வருஷம்தானேன்னு."

திங்கட்கிழமை அந்தச் சேற்று அங்கியைச் சீருடைக்கு மேல் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். பேருந்தில் ஆட்கள் ஒதுங்கி உட்கார்ந்தார்களாம். நடந்ததைச் சத்தார் எனக்குச் சொன்னான்.

"டாக்டர் தாளை நீட்டுனாரு. ரிஸ்தி அக்கா சொல்லுது: அபராதம் கட்டினேன், கட்டினதை அவன் காலுக்குத் தேய்ச்சுட்டான். அதனால அங்கியத் திருப்பி எடுத்துக்கிட்டேன், மன்னிப்பையும் திருப்பி எடுத்துக்கிட்டேன். இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

"அவரு?"

"அப்ப இன்னொரு தாள்ல போடுங்கன்னாரு. அக்கா பேனாவை வாங்கிப் போட்டுருச்சு. 'நானா விரும்பி'ங்கிற இடத்தை மட்டும் அடிச்சுட்டுப் போட்டுச்சு."

"டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"தலையத் தூக்கவே இல்ல. அவருக்கும் சம்பளம் அங்கேருந்துதானே."

அடுத்த சனிக்கிழமை ஆம்புலன்சில் ஆளில்லாமல் ஆட்டம் நிற்கும், அப்போதாவது இவர்களுக்கு உறைக்கும் என்று எண்ணினேன். நான் கிழவி, எனக்குக் கணக்குப் போதாது. எழுபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஒரு கிராமத்தின் ஒரே மருத்துவ உதவியாளரைக் கொண்டுவந்து வண்டியில் உட்காரவைத்தார்கள். அந்தக் கிராமத்துக்கு இப்போது யாருமில்லை. எலமான் இரண்டு கோல் அடித்தான்.

அன்றோடு நானும் வேலையை விட்டு நின்றுவிட்டேன். எலமானின் பதினொன்றாம் எண் சட்டையைத் துவைக்காமல், சேறும் எச்சிலுமாகக் கூடையில் போட்டுவிட்டு வந்தேன். அழுக்கைப் போட்டுக்கொண்டு ஓடட்டும் என்று.

சத்தாரிடம் விசாரித்தேன். "என்ன பண்ணாங்க?"

"பழசைக் குப்பையில போட்டுட்டுப் புதுசு வாங்கிட்டாங்க ஷெஷே. இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதுசாம். துவைக்கிற வேலையே எடுத்துட்டாங்க."

ரிஸ்தி இப்போது மருந்துக்கடையில் பெட்டி அடுக்குகிறாள். ஷாபான் எங்கள் மாடிப்படிக் கைப்பிடியில் தொங்குகிறது. சேறு காய்ந்து உதிர்கிறது. படியைப் பெருக்கும்போது அதையும் சேர்த்துப் பெருக்குகிறேன்.