பக்கத்து சீட்

“ஒரே வார்த்தை அண்ணி. வெட்டலாமா, வேணாமா? கேட்டுட்டு ஓடி வாங்க.”

கொழுந்தன் காரின் முன்பக்கத்துக்குள் இடுப்புவரை கவிழ்ந்து கிடந்தான். அவனுக்குப் பின்னால் ஆறு சிலிண்டர் எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கிப் பார்த்தாயிற்று, உட்காரவில்லை. மறுபடி தூக்கியாயிற்று. அவள் டார்ச்சை அவன் முதுகுமேலேயே வைத்துவிட்டு, கணவரின் பெரிய செருப்பை இழுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். அவளுடைய நீல ரப்பர் செருப்பு போன மழைக்காலத்திலேயே காணாமல் போய்விட்டது. தெரு நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அவர்தான் சொன்னார். அன்றிலிருந்து வீட்டுக்குள் இதுதான்.

காலையிலிருந்து ஷெட்டுக்கும் கூடத்துக்குமாக எத்தனை நடை என்று அவளுக்கே தெரியாது. உட்கார்ந்தால் நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, “இன்னைக்குத் தாண்டுறது கஷ்டம்மா. பேச வேண்டியதப் பேசிக்குங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள் அவள்.

பேச வேண்டியது. அதுதான் அவளைக் குடைந்தது. அவளிடம் பேச அவருக்கு என்ன இருந்தது? லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்தால் நேராக ஷெட்டுக்குப் போகிற மனுஷன். கல்யாணமான மறுவருஷம் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. ரெண்டே சீட். பார்க்கப் புலி, மேட்டில் ஏறினால் ஆமை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போன அன்று, இதற்குப் பெரிய எஞ்சின் வைக்கிறேன் பார் என்று கிளம்பியவர்தான். அட்டைப்பெட்டிகளை ஒட்டி எஞ்சின் அளவுக்கு ஒரு பொம்மை செய்தார். அதை உள்ளே வைப்பார், எடுப்பார், அளப்பார்.

“இப்படி அளந்துகிட்டே இருந்து நான் தைச்சா, கல்யாணத்துக்குத் துணி குடுத்தவ புள்ளைக்குப் பேர் வைக்கிறப்பதான் அதப் போட்டுக்குவா,” என்பாள் அவள். தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைப்பவள். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது, “என் சக்களத்திய விட்டுட்டு வர்றீங்களா?” என்பாள். அவர் சிரிப்பார்.

கூடத்துக் கட்டிலில் அவர் கண்மூடிக் கிடந்தார். தாடை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

“ஏங்க.”

கண் திறந்தது.

“எஞ்சினுக்கும் கால் வைக்கிற இடத்துக்கும் நடுவுல ஒரு தகரச் செவுரு இருக்காமே. அத வெட்டலாமான்னு கேக்குறான்.”

“எந்தப் பக்கம்?”

“பக்கத்து சீட்டுப் பக்கம். புகைக்குழாய் அங்கதான் இறங்குதாம்.”

“வேணாம்.”

“பின்ன எப்படிங்க உக்காரும்?”

“ரேடியேட்டர... முன்னாடி தள்ளச் சொல்லு...” மூச்சு இழுத்தது. அவள் தலையணையை உயர்த்திப் பிடித்தாள்.

“ரேடியேட்டர் கிடக்கட்டும். எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா? எங்கிட்ட?”

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். அவள் குனிந்து காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

“அவசரத்துகிட்ட சொல்லு,” என்றார். “வெட்ட வேணாம்னு.”

அவசரம் என்பது கொழுந்தனின் பட்டப்பெயர். வெல்டிங் வேலை செய்கிறவன், சூடு ஆறுமுன் கை வைத்துச் சுட்டுக்கொள்கிறவன். அவளுக்குச் சுருக்கென்றது. விருட்டென்று எழுந்து வந்துவிட்டாள்.

“என்ன சொன்னாரு?” கொழுந்தன் தலையை வெளியே எடுத்தான்.

“ரேடியேட்டர முன்னாடி தள்ளணுமாம்.”

“தள்ளலாம் அண்ணி. ஆனா எஞ்சினும் முன்னாடி போயி காரோட மூக்கு கனத்துடும், வளைவுல திரும்பாது. அந்த வேலைக்கும் ரெண்டு நாளாவது வேணும். நமக்கு...” அவன் நிறுத்திக்கொண்டு கையைத் துணியில் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த கைதான். “வெட்டிட்டா இப்பவே இறக்கிடலாம். பேட்டரியில நேரா வயரக் குடுத்து ஒருதரம் உறும விட்டாப் போதும். ஓட்டவா போறோம்? கூடத்துக்குக் கேக்கும்ல?”

“கேக்கும்.”

“அது அவரு காதுல விழணும் அண்ணி. அவ்வளவுதான்.”

அவள் தொங்கும் எஞ்சினைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அளந்தவருக்கு இன்றைக்கும் அளக்கத்தான் வேண்டுமாம்.

“வெட்டச் சொன்னாரு,” என்றாள்.

“அண்ணனா? அண்ணனா வெட்டச் சொன்னாரு?”

“பின்ன நானா சொல்றேன்? ஆரம்பி.”

அவன் தகரம் வெட்டுகிற கிரைண்டரைக் கையில் எடுத்தான். “அந்தப் பக்கம் என்னைத் தொடவே விடமாட்டாரு மனுஷன். சரி, கால்மிதி மேட்டத் தூக்கிட்டு அடையாளம் போட்டுக்குறேன். நீங்க போய்ப் பக்கத்துல இருங்க. சத்தம் கேட்டா பயந்துக்கப் போறாரு.”

அவள் திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். கிரைண்டர் கத்தும். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்ப்பார். கோபப்படட்டும். கோபத்திலாவது அவளைப் பார்த்து ஏதாவது சொல்லட்டும்.

சத்தம் வரவில்லை. துண்டை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். தண்ணீர் டம்ளரை ஜன்னலோரம் வைத்தாள், அங்கிருந்து எடுத்து முன்பிருந்த இடத்திலேயே வைத்தாள். பெயர்தான் அவசரம், என்ன செய்கிறான் அங்கே? எழுந்தாள். அவர் விரல்கள் அவள் மணிக்கட்டைத் தொட்டன.

“எங்க போற?”

“ஷெட்டுக்கு.”

“காலையிலேருந்து நடந்துகிட்டே இருக்க,” என்றார். “உக்காரு.”

உட்கார்ந்தாள். அவர் கையை எடுக்கவில்லை. வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். அவருடைய மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒரு காதில் கிரைண்டருக்கும் இன்னொரு காதில் அடுத்த மூச்சுக்குமாக அவள் காத்திருந்தாள். இரண்டும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சட்டைக் காலரை நேராக்கினாள். தன் மணிக்கட்டிலிருந்த அவர் கையை எடுத்து அவர் நெஞ்சின்மேல் வைத்தாள். பிறகு எழுந்து நடந்தாள். செருப்பு ஞாபகம் வரவில்லை. முதல்முறையாக ஓடாமல் போனாள்.

கொழுந்தன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். மடியில் கிரைண்டர், வயர் பிளக்கில் சொருகப்படாமல் கீழே கிடந்தது. பக்கத்து சீட்டுக் கதவு திறந்திருந்தது. மேட் சுருட்டி வெளியே வைக்கப்பட்டிருந்தது.

“அண்ணி,” என்றான், அவளைப் பார்க்காமல். “அண்ணன் வெட்டச் சொல்லல. இல்ல?”

அவள் டிரைவர் பக்க ஜன்னலில் குனிந்தாள்.

“இங்க பாருங்க.”

பக்கத்து சீட்டுக்கு முன்னால், தரையில், அவளுடைய நீலச் செருப்பு ஜோடியாக இருந்தது. நகராமல் இருக்க டேப் போட்டு ஒட்டியிருந்தது. சுற்றிலும் கோடு, அவளுடைய தையல் சாக்பீஸால். தகரச் சுவரில் இன்னும் கோடுகள், போட்டு, அழித்து, தள்ளிப் போட்டு, மறுபடி அழித்து. எந்தக் கோடும் செருப்பின் நுனியைத் தொடவில்லை.

“அந்த அட்டை எஞ்சினையும் எடுத்துப் பாத்தேன். இந்த மூலைய மட்டும் வெட்டி வெட்டிக் குறைச்சிருக்காரு. நான் இத்தன நாளா எலி கடிச்சுதுன்னு நெனச்சுகிட்டிருந்தேன்.”

“நாய் தூக்கிட்டுப் போச்சுன்னாரு,” என்றாள் அவள்.

“யாரு?”

அவள் காரைச் சுற்றி வந்தாள். குனிந்து, உடம்பை மடக்கி, உள்ளே உட்கார்ந்தாள். வெறுங்காலைச் செருப்புக்குள் நுழைத்து முன்னால் நீட்டினாள். சுவர் இடிக்கவில்லை. இன்னும் நாலு விரல் இடம் மிச்சமிருந்தது, தைக்கும்போது உள்ளே மடித்து விட்டுவைக்கிற துணி மாதிரி.

“அண்ணன் முழிச்சிருக்காரா?” என்றான் கொழுந்தன். “நானே வந்து கேக்குறேன். வேற வழி ஏதாவது யோசிச்சு வச்சிருப்பாரு. யோசிக்காம இருக்க மாட்டாரு...”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஞ்சின் ஆடாமல் தொங்கியது.

“அண்ணி?”

அவள் கையை நீட்டிக் கதவைப் பிடித்தாள். எப்போது ஏறினாலும் அவர் சொல்வார், அடிக்காத, தள்ளினாப் போதும், அதுவே சாத்திக்கும் என்று. ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

கொழுந்தன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மடியிலிருந்த கிரைண்டரை எடுத்து, சத்தமில்லாமல் தரையில் வைத்தான்.

அவள் கதவை மெல்ல இழுத்து விட்டாள். அது சாத்திக்கொண்டது.