ஃபேனுக்குக் கீழே முன்பு இருந்தது

கண்மாயில் சீமைக் கருவேலத்தைக் கணக்கெடுத்து முடித்த கையோடு, அயல் இனக் கட்டுப்பாட்டு அலுவலகத்தார் சேவுகப்பெருமாளின் வீட்டுக்கு வந்து அவர் முதுகில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு வட்டம் போட்டார்கள். இந்த வருஷம் வீட்டோடு மாப்பிள்ளைகளையும் அயல் இனத்தில் சேர்த்திருந்தார்கள். பெயின்ட் குளுகுளுவென்று இருந்தது. சட்டை போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் அவர் கேட்டார்.

“காயட்டும்” என்றார் அதிகாரி நாகஜோதி.

அந்த அம்மாளுடன் ஓர் உதவியாளர் வந்திருந்தார். தலையாட்டுவதுதான் அவருடைய உத்தியோகம். அவர் ஆட்டினால் அரசாங்கம் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். காயட்டும் என்பதற்கும் ஆட்டினார்.

“எந்த ஊரு நீங்க?”

“போடிப் பக்கம்.”

“இங்க எப்படி வந்தீங்க? காத்துலயா, தண்ணியிலயா?”

“பஸ்ல.”

உதவியாளர் தலையாட்டினார்.

பிறகு, சேவுகப்பெருமாள் எதுவரைக்கும் பரவியிருக்கிறார் என்று டேப் பிடித்தார்கள். கல்யாணமான புதிதில் மாமனார் அவருக்குக் காட்டியது வாசல் அறையில் ஒரு மூலை. இப்போது கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே அவருடைய கட்டில். ஜன்னலில் அவருடைய துண்டு. டிவி ரிமோட்டில் அவருடைய கட்டைவிரல் பள்ளம். மாமனார் போய்ச் சேர்ந்தபின் மாமனாரின் செருப்பு வரைக்கும் மாப்பிள்ளை போயிருந்தார். சுவரில் சேவுகப்பெருமாள் தலை சாய்த்துச் சாய்த்து ஏறியிருந்த எண்ணெய்க் கறையை நாகஜோதி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

“நல்லாப் பிடிச்சிருக்கு” என்றார், கொஞ்சம் மரியாதையுடன்.

தெருவில் லாரி இன்ஜினை அணைக்காமல் நின்றது. அதில் ஆகாயத்தாமரை அள்ளிப் போட்டிருந்தது. கூடை கூடையாக ஆப்பிரிக்க நத்தை. நடுவில் அடுத்த தெரு வீட்டோடு மாப்பிள்ளை கூத்தபிரான், மடியில் டிபன் கேரியருடன். அவர் கையை ஆட்டினார். போகிற பயணத்தில் அவருக்குக் குறை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

“லாரி எங்க போகுது?”

“வந்த எடத்துக்கு.”

“எங்க ஊரு வீட்ட வித்துட்டாங்களே.”

“அது வேற டிபார்ட்மென்ட்.”

போகாமல் இருக்க வழி உண்டா என்று சேவுகப்பெருமாள் கேட்டார். உண்டு என்றார்கள். அவர் மனைவி காளீஸ்வரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்களாம். இவர் வருவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது?

“ஒண்ணும் இல்ல. வெறும் எடம்.”

“அத அவங்க சொல்லணும். வெறும் எடத்துல மொளைச்சத நாங்க தொட மாட்டோம்.”

அதிகாரியும் உதவியாளரும் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் குடிக்க உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் போய்க் காளீஸ்வரிக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று சேவுகப்பெருமாள் எழுந்தார்.

அவள் சமையலறையில் இருந்தாள். கூப்பிட்டால் அவளே வந்துவிடுவாள் என்பதால் அந்தப் பக்கம் அவர் அதிகம் போனதில்லை. வீடு இத்தனை நீளம் என்பது அவருக்குப் புதுச் செய்தி. சாமி படம் தாண்டியது. அரிசி மூட்டை தாண்டியது. அப்புறம் ஒரு பஸ் ஸ்டாப் வந்தது. அங்கே பெஞ்சில் ஒரு சீமைக் கருவேலம் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் இருந்த மஞ்சள் வட்டத்தை அழித்திருந்தார்கள்.

“எப்படித் தப்பிச்சீங்க?” என்று அவர் கேட்டார்.

“ஆடுக வந்து எனக்காகப் பேசுச்சு. காயைத் தின்னுருக்குல்ல. ஒங்களுக்கு யாரு?”

“சம்சாரம்.”

“அவங்க என்ன தின்னாங்க?”

அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒரு மரத்திடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நடையை எட்டிப் போட்டார். தாளிக்கிற வாசனை கிட்டே வரும், விலகிப் போகும். கால் கடுத்தது. வாழ்நாளில் அவர் இப்படிப் பயந்ததில்லை.

மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, நாகஜோதி அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உதவியாளர் நின்றார்.

“எங்களுக்குக் குறுக்கு வழி இருக்கு” என்றார் நாகஜோதி. கேள்வியை அப்போதுதான் கேட்டு முடித்திருந்தார்.

காளீஸ்வரி யோசித்தாள். சேவுகப்பெருமாள் அதிகாரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை விரித்து விரித்துக் காட்டினார். வெறும் இடம், வெறும் இடம். அவள் அதைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அங்க நான் இருந்தேன்” என்றாள்.

உதவியாளர் உடனே ஆட்டவில்லை. நாகஜோதியைப் பார்த்தார்.

“அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கக்கா?”

“ஒண்ணும் பண்ணல. ஃபேனப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடப்பேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சேவுகப்பெருமாளுக்குத் தேவலை. கோபத்துக்கு அவரிடம் பதில் இருந்தது. அவளோ, ரசத்துக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் அவரைச் சுருக்கென்று தைத்தது.

“ஈசு, எனக்குத் தெரிஞ்சிருந்தா...”

“தெரிஞ்சிருந்தா?” என்று அவள் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

உதவியாளர் தலையாட்டினார்.

இருந்ததை முதலில் அதன் இடத்தில் வைக்க வேண்டும், அப்புறம்தான் வந்ததை எடுக்க வேண்டும் என்பது சட்டம். நால்வரும் கூடத்துக்கு நடந்தார்கள். இப்போது அது பக்கத்திலேயே இருந்தது. காளீஸ்வரி கட்டிலில் படுத்துக் காலை நீட்டினாள். நாகஜோதி ஃபேனைப் போட்டுவிட்டார்.

“ஏறுங்க” என்றார் அவரிடம். வெளியே லாரி ஹாரன் அடித்தது.

அதே சமயம் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. எல்லோரும் காளீஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை.

“யாரு அணைக்கிறது?” என்றார் நாகஜோதி. உதவியாளருக்கு இதில் எப்படி ஆட்டுவது என்று தெரியவில்லை.

“நான் அணைச்சிட்டு வந்திர்றேன்” என்றார் சேவுகப்பெருமாள்.

“சீக்கிரம். லாரி நிக்குது.”

அவர் ஓடினார். சாமி படம் வரை போனதும், எத்தனை விசிலில் அணைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவில்லையே என்று திரும்பிப் பார்த்தார். காளீஸ்வரி தூங்கிவிட்டிருந்தாள். அவள் பகலில் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. எழுப்ப அவருக்கு மனசு வரவில்லை. அடுத்த விசில் வெகு தூரத்தில் கேட்டது.