ராஜினாமாக் கடிதத்தில் நான்கு பிழைகள்

ஊரப்பாக்கத்தில், வெளிநாட்டுப் பாடநூல்களுக்குப் பிழை திருத்தும் கம்பெனி ஒன்றில் ஜெரூஷா பதினாறு வருடமாக வேலை பார்த்தாள். அவள் கண் பட்ட பக்கத்தில் ஒரு கமா கூடத் தப்பாது என்று பேர். புதிதாக வந்த மேனேஜர் சுந்தரராமனுக்கு அவளை அனுப்பிவிட வேண்டும். நீக்கினால் கேஸ் போடுவாள். அவளாகவே போனால் வம்பில்லை.

அதனால் அவர் அவளைத் திட்டவில்லை. வேலை கொடுப்பதை நிறுத்தினார். அவளுடைய ஃபைல்கள் சுஜியிடம் போயின. சுஜிக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே ஜெரூஷாதான். பிறகு அவள் மேஜையைப் பிரிண்டருக்குப் பின்னால், சுவரைப் பார்த்துப் போட்டார்கள். மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் மற்றவர்கள் மூடினார்கள்.

"சார், ஏதாவது வேலை குடுங்க."

"சம்பளம் வருதில்ல? ரிலாக்ஸா இருங்க மேடம்."

மூன்று மாதம் இப்படிப் போனது. தூக்கம் கெட்டது. "சும்மா உக்காந்து சம்பளம் வாங்கக் கசக்குதா?" என்று கணவன் ஆஸ்டின் சிரித்தான். தனக்கு இந்த வேலை உண்மையிலேயே தெரியுமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு புதன்கிழமை சுஜி ஒரு தாளை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. "சார் குடுக்கச் சொன்னாருக்கா."

ஜெரூஷாவே எழுதியது போல ஒரு ராஜினாமாக் கடிதம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

படித்தாள். கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. தேதி தப்பு. பதவியின் பெயரில் ஓர் எழுத்து இல்லை. மூன்றாம் வரியில் ஒரே சொல் இரண்டு முறை. அவள் பெயரும் தப்பு. நான்கையும் வட்டமிட்டு ஓரத்தில் திருத்தினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

"திருத்தி வேற பிரிண்ட் எடுத்துட்டு வா."

"அக்கா, இது உங்களோட..."

"தெரியும். தப்போட போகக் கூடாது."

புதுத் தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சுந்தரராமன் அதை வாங்கி டிராயரில் வைத்தார். "உங்கள மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம் மேடம்" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் ஜிஎஸ்டி ரோட்டைக் கடக்க நின்றபோது சுஜி போன் செய்தாள்.

"அக்கா, மெடிக்கல் புக் ஒண்ணு நாளைக்குப் போகணும். எனக்குப் பிடிபடல. உங்க மெயிலுக்கு அனுப்பட்டுமா? சாருக்குத் தெரிய வேணாம்."

"அனுப்பு, உடனே அனுப்பு" என்றாள் ஜெரூஷா. தன் குரலில் இருந்த அவசரத்தைக் கேட்டு அவளுக்கே கூசியது.