பாலத்தில் ஏறாதவர்

1

இந்தக் கதை எங்கள் நகரின் ஆல்பனிப் பகுதியில், ஒரு மாலைநேரப் புள்ளிவிபர வகுப்பில் பிறந்தது. எதையாவது எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்த்து எழுதி வரச் சொன்னார்கள். நான் ரயில் சாவுகளை எடுத்தேன். காரணம், பக்கத்து வீட்டுக் கண்மணி அக்கா.

2

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு (வேண்டாம். எல்லாக் கதையிலும் மழை.)

1994. அதே நகரில், நியூ லின் பகுதிக்கு அப்பால் ஒரு சிறு ரயில் நிலையம். வேலை முடிந்து வந்த தியாகலிங்கம் ரயிலை விட்டு இறங்கினார். மறுபக்க மேடையில் மனைவி கண்மணி காத்து நின்றார். மேம்பாலம் இருந்தது. தியாகலிங்கம் அதில் ஏறாமல், நின்றுகொண்டிருந்த ரயிலின் பின்னால் சுற்றித் தண்டவாளத்தில் இறங்கினார். எதிர்த்திசையில் இன்னொரு ரயில்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.)

3

அந்த வருட ரயில் சாவுக் கணக்கில் பயணிகள் எவரும் சாகவில்லை. தியாகலிங்கம் அடுத்த பத்தியில் இருந்தார்: அத்துமீறி நுழைந்தோர்.*

* இப்படிப் பிரித்து எண்ணும் விதியில் என்னால் பிழை காண முடியவில்லை. தண்டவாளத்தில் நின்றவரையும் பயணியென்று எண்ணினால், ரயிலுக்குள் இருப்பவருக்கு எவ்வளவு ஆபத்து என்பது தெரியாமல் போகும்.

இதை அக்காவுக்குப் படம் கீறி விளக்கினேன். அவர் தேத்தண்ணி ஊற்றியபடி கேட்டார்.

“அத்துமீறிறதெண்டா களவெடுக்கப் போறதல்லோ, தம்பி? அவர் வீட்டை வந்துகொண்டிருந்தவர்.”

4

கட்டுரையை விட்டுக் கதை எழுதத் தொடங்கினேன். கதையில் கணக்கு என் கையில். தியாகலிங்கத்தைப் பாலத்தில் ஏற்றினேன். மூச்சு வாங்க ஏறி, மறுபக்கம் இறங்கி, இரவுக்கு மீனா முட்டையா என்று மனைவியோடு கதைத்தபடி வீடு போனார். அக்காவிடம் பெருமையோடு வாசித்துக் காட்டினேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “என்ரை மனுசன் பாலத்தாலை வாற ஆளே? என்னைக் கண்டா அந்தாளுக்குப் பொறுமையில்லை. இதுக்காக எத்தினை தரம் பேசியிருப்பன்.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இது ஆரோ வேறை மனுசன். பாவம், தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடு.”

5

காப்பாற்றினால் அவர் அவரில்லை. முடிக்காத வாக்கியத்துக்குத் திரும்பவும் மனமில்லை. ஆகவே கொஞ்சம் பின்னே போகிறேன்.

ரயில் நிலையத்துக்குள் வருகிறது. தியாகலிங்கம் ஜன்னலால் எட்டி மறுபக்கம் பார்க்கிறார். அக்கா கை காட்டுகிறார். இந்த நிமிடம்வரை அவர் பயணி. எந்தக் கணக்கும் மறுக்க முடியாது.

கதவு திறக்கும் வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன். எழுதினால் எனக்குக் காட்ட வேண்டாம். கண்மணி அக்காவிடம் வாசித்துக் காட்டுங்கள்; தேத்தண்ணி தருவார்.

பாலத்தில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.