சரியா இருக்கு மச்சான்

எல்க் மான் வேட்டைக்கு அரசாங்கம் விட்டிருந்த பருவம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அர்விட்டின் பழைய பூட்ஸ் வாயைப் பிளந்துகொண்டது. மேலே மலையில் பெரும்பனி விழுந்து, மான் கூட்டமெல்லாம் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. அர்விட்டுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மனைவி லினெட்டின் அண்ணன் டெல்பர்ட்டைக் கிளப்பிக்கொண்டு அவன் வண்டியிலேயே மிசூலா நகரத்துக்குப் புறப்பட்டான்.

வழியெல்லாம் ஜன்னல் கண்ணாடியை இறக்கி மலைச்சரிவுகளைப் பார்ப்பதும், ஏற்றுவதும், மறுபடி இறக்குவதுமாக இருந்தான்.

"குளிரு உள்ள வருது மாப்ள."

"வரட்டும். நீ கடையில ஒவ்வொண்ணா தடவிப் பாத்துக்கிட்டு நிக்காத. நாம பொண்ணு பாக்கப் போகல. எதையாவது எடுத்தோமா, மதியத்துக்குள்ள திரும்பினோமான்னு இருக்கணும்."

"ஈரக் காலோட உக்காந்து பாத்திருக்கியா நீ? நான் உக்காந்திருக்கேன். அதான் தடவுறேன்."

கடையில் பூட்ஸுக்கென்றே ஒரு சுவர் முழுக்க ஒதுக்கியிருந்தார்கள். விற்பனைக்கு நின்ற பெண் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "மேல ஏறிக்கிட்டே இருப்பீங்களா சார், இல்ல ஒரே எடத்துல உக்காந்து மானுக்குக் காத்திருப்பீங்களா? உள்பஞ்சு அதிகமா இருந்தா ஏறும்போது கால் வேர்த்துடும். வேர்த்த கால் உக்காந்ததும் வெறச்சுடும்."

"ரெண்டும்தான்மா," என்றான் டெல்பர்ட். "பாதி நாள் ஏறுவோம். மீதி நாள் உக்காந்து ஒருத்தர ஒருத்தர் திட்டிக்குவோம்."

அவள் சிரித்துக்கொண்டே நடுத்தரமாகப் பஞ்சு வைத்த ஜோடிகளை எடுத்து வந்தாள். டெல்பர்ட் ஒவ்வொன்றின் நாக்கையும் இழுத்து, தண்ணீர் புகாமல் எவ்வளவு உயரத்துக்குத் தைத்திருக்கிறார்கள் என்று பார்த்தான். அர்விட்டோ போட்டான், எழுந்தான், இரண்டு சுற்று நடந்தான், "சரியா இருக்கு" என்றான். அடுத்த ஜோடிக்கும் அதே பதில். அதற்கடுத்ததற்கும் அதேதான். சாக்ஸில் ஒரு மணல் துகள் இருந்தால்கூட வண்டியை நிறுத்தச் சொல்லி உதறுகிற ஆள் இவன். டெல்பர்ட்டுக்கு என்னவோ போலிருந்தது.

அந்தப் பெண் இன்னும் பெரிய அளவு எடுத்துவர உள்ளே போனாள். அவள் வரும்வரைகூட அர்விட்டால் சும்மா இருக்க முடியவில்லை. அலமாரியிலிருந்து தானே ஒரு பெட்டியை உருவி, இரண்டையும் மாட்டி, லேஸை இழுத்துக் கட்டிக்கொண்டு, இறக்கத்தில் விரல் முட்டுகிறதா என்று பார்ப்பதற்காகக் கடையில் போட்டிருந்த மரச்சரிவில் ஏறித் தடதடவென்று இறங்கி வந்தான்.

"இதான் மச்சான். எனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு. கட்டச் சொல்லு."

உட்கார்ந்து இடது பூட்ஸைக் கழற்றினான். சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு ஒரு காகித உருண்டை வெளியே வந்து தரையில் விழுந்தது. பூட்ஸின் உருவம் கெடாமலிருக்க முனையில் திணித்து அனுப்புகிற காகிதம். இருவரும் அதைப் பார்த்தார்கள். அர்விட் அதைக் காலால் பெஞ்சுக்கடியில் தள்ளினான். டெல்பர்ட் குனிந்து வலது பூட்ஸைக் கழற்றி உள்ளே கையை விட்டான். அதிலும் ஒன்று, நசுங்கித் தட்டையாகக் கிடந்தது.

"இதப் போட்டுக்கிட்டா நடந்தே?"

"அவசரத்துல கவனிக்கல."

"விரல் இருக்க வேண்டிய எடத்துல முட்டை அளவு காகிதம். அதக் கவனிக்கல?"

அர்விட்டின் காது சிவந்தது. "சத்தம் போடாத."

"சக்கரையா?"

"வேற என்ன. கொஞ்ச நாளா மதமதன்னு இருந்துது, இப்ப அதுவும் இல்ல. கால் நல்லாத்தான் வேலை செய்யுது. உணர்ச்சி மட்டும் இல்ல. எனக்கு அது கிடையாதுன்னு உன் தங்கச்சி எப்பவோ சொல்லிட்டா."

டெல்பர்ட் சிரிக்கவில்லை. "லினெட்டுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா துப்பாக்கியப் பூட்டி வச்சிடுவா. நீ வாயத் திறந்தியோ, அதோட நம்ம பேச்சு முடிஞ்சுது."

அதற்குப் பிறகு பூட்ஸைத் தேர்ந்தெடுத்தது டெல்பர்ட்தான். உள் அட்டைகளை உருவித் தரையில் வைத்து, அர்விட்டைக் கம்பளிச் சாக்ஸோடு அவற்றின்மேல் நிற்கச் சொன்னான். 'சரியா இருக்கு' என்று அவன் சொன்ன எல்லா ஜோடியிலும் பாதம் அட்டையைத் தாண்டி இருபக்கமும் பிதுங்கியது. கடைசியில் அகலமான ஒரு ஜோடி கிடைத்தது. குதிகாலுக்குப் பின்னால் விரல் விட்டும், முனையை அழுத்தியும் பார்த்துத்தான் டெல்பர்ட் தலையசைத்தான்.

இரவுச் சாப்பாடு லினெட் வீட்டில். புது பூட்ஸைத் தூக்கிப் பார்த்தவள், "நல்லாப் பாத்து எடுத்தியா அண்ணா? இந்த மனுஷன் எதக் குடுத்தாலும் சரிம்பான்," என்றாள்.

டெல்பர்ட்டின் வாயில் உருளைக்கிழங்கு. "ம்" என்றான்.

வழியனுப்ப வெளியே வந்த அர்விட்டை வண்டியோரம் நிறுத்தினான். "ஒவ்வொரு மேட்டுலயும் நீ பூட்ஸக் கழட்டணும். நான் கால் பாக்கணும். இல்லன்னா இப்பவே உள்ள போய் சொல்லிடுவேன்."

"குளம்பு பாக்க நான் என்ன குதிரையா?"

"குதிரைன்னா எனக்குக் கவலையே இல்ல. வலிச்சா நொண்டும்."

மறுநாள் முதல் மேட்டில் அர்விட் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். விரல்கள் நல்ல நிறமாக இருந்தன. இரண்டாவது மேட்டில் பனிமேல் புதுத் தடம், ஆவி பறக்கும் புழுக்கை. அர்விட் நிற்கவில்லை. டெல்பர்ட்டும் வற்புறுத்தவில்லை, தடத்தைப் பார்த்ததும் அவனுக்கும் ரத்தம் சூடேறியிருந்தது.

ஓடையைக் கடக்கும்போது பனி மூடிய ஐஸ் உடைந்து அர்விட்டின் இடது கால் முழங்கால்வரை உள்ளே போனது. உருவிக்கொண்டு நடந்தான்.

"உள்ள தண்ணி போச்சா?"

"இல்ல. சும்மா காஞ்சு கெடக்கு. நல்ல பூட்ஸாத்தான் பாத்திருக்க."

டெல்பர்ட் பின்னாலேயே நடந்தான். மானைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்க்கவில்லை, அந்த ஒரு காலையே பார்த்தான். பேண்ட் பூட்ஸுக்கு மேலே விறைத்துப் பலகையாகியிருந்தது. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் உள்ளே சளக் சளக் என்றது.

"உக்காரு."

"மான் முன்னாடி போகுதுடா."

"உக்காருன்னேன்!"

விழுந்து கிடந்த மரத்தில் அவனை உட்காரவைத்து இழுத்தான். பூட்ஸிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெளித் தண்ணீரை உள்ளே விடாத பூட்ஸ், மேல்வழியாகப் போனதை வெளியேயும் விடவில்லை. பாதம் மெழுகுவத்தி நிறத்திலிருந்தது. டெல்பர்ட் கோட்டையும் சட்டையையும் திறந்து அதைத் தன் வயிற்றில் வைத்து மூடினான். மூச்சே நின்றுவிட்டது போலிருந்தது.

"ஏதாவது தெரியுதா மாப்ள?"

"ஒண்ணும் தெரியல மச்சான்." மலை ஏறத் தொடங்கியதிலிருந்து அர்விட் சொன்ன முதல் உண்மை அது.

அப்போதுதான் எல்க் கூட்டம் வந்தது. இலை கொட்டிய மரங்களுக்கிடையில் பெட்டைகள், குட்டிகள், எல்லாவற்றுக்கும் பின்னால் பெரிய கொம்போடு ஒரு ஆண். அர்விட்டின் துப்பாக்கி டெல்பர்ட் பக்கம் மரத்தில் சாய்ந்திருந்தது.

"எடு," என்று அர்விட் கிசுகிசுத்தான். "மெதுவா எடு."

"அசைஞ்சா கால் வெளியே வந்துடும்."

"வரட்டும்! அப்ப என்கிட்ட குடு. நான் சுடுறேன்."

கை நீட்டினால் எட்டும் தூரம். ஆனால் சுட்டு விழுந்துவிட்டால் அறுக்கவும் சுமக்கவும் இருட்டிவிடும். இவனும் இறங்கமாட்டான், தானும் இறங்கச் சொல்லமாட்டான் என்று டெல்பர்ட்டுக்குத் தெரியும். அவன் கையை நீட்டவில்லை. அந்த ஆண் நின்று, இவர்கள் பக்கம் புகையாய் மூச்சு விட்டு, மேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

அர்விட் அவன் தோளில் குத்தினான். தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னான். திட்டு தீர்ந்த பிறகும் அவன் தோள்கள் ஆடிக்கொண்டிருந்தன. குளிரா அழுகையா என்று டெல்பர்ட் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதத்தில் மெல்லச் சிவப்பு திரும்பியதும், காய்ந்த சாக்ஸும் அதன்மேல் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பையும் சுற்றி, பூட்ஸை மாட்டி, கைத்தாங்கலாக இறக்கி, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

குளிர் பட்ட இடம் பிழைத்துவிடும் என்றார் டாக்டர். ஆனால் கடைசி இரண்டு விரல்களுக்கு இடையில் எப்போதோ வந்த புண் ஒன்று உள்ளுக்குள் சீழ் பிடித்துப் போயிருந்தது. டெல்பர்ட் விரலின் நிறத்தைப் பார்த்தானே தவிர, விரித்துப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு வாரம் நடந்திருந்தால் பாதத்தையே எடுத்திருக்க வேண்டும், இப்போது சுண்டுவிரலோடு போகும் என்றார்.

லினெட் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"ஒரு வருஷமா," என்றான் அர்விட்.

"உன்னக் கேக்கல. அண்ணா?"

"நேத்துதான்."

"நேத்து என் வீட்டுல என் கையால வாங்கித் தின்னுக்கிட்டே 'ம்'முன்னு சொன்னியே."

கிறிஸ்துமஸ் தாண்டும்வரை அவள் அண்ணனோடு பேசவில்லை. புருஷனோடு தினமும் சண்டை போட்டாள். தினமும் ராத்திரி அவன் காலை மடியில் வைத்து விரல் விரலாக விரித்தும் பார்த்தாள்.

அடுத்த பருவத்தில் மூவரும் மலையடியில் வண்டியை நிறுத்தி, மான் இறங்கி வரட்டுமென்று காத்திருந்தார்கள். வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது லினெட்டின் கட்டளை. அர்விட் கதவைத் திறந்தான், மூடினான், வண்டியைச் சுற்றி வந்தான்.

"ஒரே ஒரு மேடு," என்றான். "அதோ அது மட்டும்."

"ஏறு உள்ள," என்றாள் லினெட்.

லினெட் அந்த மேட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கி, தன் பூட்ஸ் லேஸை இழுத்துக் கட்டினாள்.

"நான் முன்னாடி போறேன். நான் நின்னா ரெண்டு பேரும் நிக்கணும். நான் கழட்டுன்னா கழட்டணும். புரியுதா?"

பாதி மேடு ஏறினார்கள். மான் எதுவும் கண்ணில் படவில்லை. மூன்று முறை நிற்கவைத்தாள், மூன்று முறையும் அர்விட் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து காலை நீட்டினான்.