அதிராவின் சாப்பாடு

ஜெலுத்தோங் வட்டாரத்து அடுக்குமாடியில் காமினிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: பிள்ளைக்குச் சோறு போடாத அம்மா. ஆறு வயது அதிராவின் தட்டில் சோறு இருக்காது, இட்லி இருக்காது. முட்டை, மீன், வெண்ணெய், கொஞ்சம் கீரை, அவ்வளவுதான். ஏன் என்று கேட்க ஒருவருக்கும் பொறுமையில்லை. ஏசுவதற்கு மட்டும் எல்லாருக்கும் நேரம் இருந்தது.

நாம் தின்னும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் ஓடுகிறது. அது மூளைக்குள் நுழைய வேண்டுமானால் வாசலில் ஒரு புரதம் நின்று அதை உள்ளே கடத்திவிட வேண்டும். அதிராவுக்குப் பிறவியிலேயே அந்தப் புரதம் பற்றாக்குறை. இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும், மூளை மட்டும் பட்டினி கிடக்கும், வலிப்பு வரும். கொழுப்பாகத் தின்றால் ஈரல் அதிலிருந்து கீட்டோன் செய்யும். அது வேறு வழியாக மூளைக்குள் போய்ப் பசியாற்றும். இனிப்பு உள்ளே போனால் ஈரல் அந்த வேலையைக் குறைத்துவிடும். முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்து டாக்டர்கள் இதைக் கண்டுபிடிக்கும்வரை பேய், கண்ணேறு, தாய் செய்த பாவம் என்று ஆளுக்கொரு கதை கட்டியது இந்தச் சொந்தபந்தம்தான்!

தீபாவளிக்குச் சொந்தபந்தத்தையெல்லாம் அழைத்து விருந்து வைக்கும் திறந்த இல்லம் கணவனின் அக்கா ஜெகதீஸ்வரி வீட்டில். காமினி மகளுக்குத் தனியாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனாள். அப்படியும் சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் அதிரா கூடத்தில் விழுந்தாள், கைகால் வெட்டி இழுத்தது. ஜெகதீஸ்வரி ஓடிவந்து சாவிக்கொத்தைப் பிள்ளையின் கையில் திணித்தாள், வலிப்புக்கு இரும்பாம். காமினி அதைத் தட்டிவிட்டு, மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்துக்குள் வலிப்பு மருந்தைச் செலுத்தினாள். பிள்ளையின் கவுனில் லட்டுத் தூள் ஒட்டியிருந்தது.

“யாரு அக்கா கொடுத்தது? நீங்கதானே?”

“ஐயோ, நான் இல்லலா! உன் வீட்டுக்காரன கேளு!”

கணவன் மோகனராஜ் கார் சாவியோடு வாசலில் நின்றான். “பிள்ளை அந்தத் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டே ரெண்டு லட்டுதான். பாவமா இருந்துச்சு, காமினி.”

ஊரே ஏசியதைப் பொறுத்துக்கொண்ட அவளால் இதைப் பொறுக்க முடியவில்லை. டாக்டர் விளக்கியபோது இவனும்தானே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினான்!

“நான் தினமும் இல்ல இல்லன்னு சொல்லிக் கெட்டவளா இருக்கணும், நீங்க லட்டு ஊட்டி நல்லவரா இருப்பீங்களா?”

“நான் போய் காரை எடுக்கறேன்...”

“வேணாம். அக்கா, ஆம்புலன்சுக்குப் போன் அடிங்க. என்னங்க, நீங்க இங்க வாங்க. ஒவ்வொரு தடவையும் கார் எடுக்கறேன்னு வெளியே ஓடிருவீங்க. இன்னைக்கு உட்கார்ந்து பாருங்க.”

அவன் தரையில் உட்கார்ந்தான். காமினி அவன் கையை இழுத்து மகளின் தலைக்கடியில் வைத்தாள். அவன் உள்ளங்கையில் அந்தச் சின்னத் தலை இடித்துக்கொண்டே இருந்தது.